ஆகவே, ஆனால், அரச மரம்

மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் புதிதாக நாலு பேர் வந்திருக்கிறீர்களாம். உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அகராதியை எப்படிப் பார்ப்பது, கலைச்சொல்லை எப்படி ஆக்குவது என்பதையெல்லாம் உங்கள் மேலாளர்கள் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டாலும் நாலு திட்டு வாங்கினால் தானாக வந்துவிடும். நான் ஓய்வு பெற்றவன். என்னைத் திட்ட இப்போது ஆள் இல்லை. அதனால் என் தப்புகளைத் தாராளமாகச் சொல்லலாம்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில். பண்டார் ஹிலிரில் இருந்த நிர்வாக அலுவலகத்தில் தமிழ் அறிவிப்புகள் எழுத இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். வயிறு கேட்டது, போய்ச் சேர்ந்தேன். இன்னொருவன் மஜீது. டவுனில் பல தலைமுறையாக ஜவுளிக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட ஒரு வயது மூத்தவன், இலக்கணத்தில் மட்டும் நூறு வயது மூத்தவன். எனக்கோ ‘அந்த’, ‘இந்த’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒற்று போட வராது. ‘அந்தப் பலகை’ என்று எழுத வேண்டியதை ‘அந்த பலகை’ என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். மஜீது சிவப்புப் பென்சிலால் அந்த ‘ப்’பைச் செருகுவான்.

“புலவரே, ஒங்க தமிழு பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. நடுவுல நடுவுல காத்துப் போவுது” என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் பெரிய தப்பை அங்கேதான் செய்தேன். சாவடியில் நிற்கும் ஜப்பானியக் காவல்காரனைக் கடக்கும்போது எல்லோரும் இடுப்பு வளைத்துத் தலைதாழ்த்த வேண்டும் என்று உத்தரவு. நான் அழகாக, ‘காவல் வீரரைக் கண்டதும் அனைவரும் வணங்க வேண்டும்’ என்று எழுதினேன்.

“குனியணும்னு போடு” என்றான் மஜீது.

“குனியறதுன்னா ஆடு மாடு மாதிரி இருக்கு. வணங்குறதுதான் மரியாத.”

“மரியாதைய யாரு கேட்டா? முதுகு வளையணும், அவ்வளவுதான்.”

நான் கேட்கவில்லை. பலகை ஏறியது. மறுநாள் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த நம் ஆட்கள் பலகையைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் படித்துச் சொன்னார்கள். எல்லோரும் காவல்காரன் முன்னால் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார்கள். சிலர் பக்தி முற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதுகு வளையவில்லை என்று காவல்காரனும் அவர்கள் கன்னத்தில் போட்டான். மத்தியானத்துக்குள் வீங்கிய கன்னத்தோடு இருபது பேர் இருந்திருப்பார்கள். நானே போய்ப் பலகையை இறக்கி, ‘இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும்’ என்று மாற்றி எழுதினேன். மஜீது வந்து சாயக் குவளையைப் பிடித்துக்கொண்டான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: சொல்லைப் போடுவதற்கு முன், அதைப் படிக்கிறவன் கையும் காலும் என்ன செய்யும் என்று யோசியுங்கள். சொல் அழகாக இருப்பது அப்புறம். இப்போது இதைவிடப் பெரிய தப்புக்கு வருகிறேன்.

நான் அப்போது காஜா பேராங்கில், செட்டிகளின் கம்போங் குடியிருப்பில் ஆறுமுகம் அண்ணன் என்பவர் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். மலாக்காச் செட்டிகளை உங்களுக்குத் தெரியும். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, வாயைத் திறந்தால் மலாய். ஆறுமுகம் அண்ணனுக்குத் தமிழில் ‘சாமி’, ‘பூசை’, ‘தம்பி’ என்று கை விரல்களுக்குள் அடங்குகிற சொற்கள்தான் தெரியும். படிக்க ஓர் எழுத்தும் தெரியாது. மனைவி மரவள்ளிக் கிழங்கில் செய்து தரும் கூவே என்ற பலகாரங்களை வாழை இலையில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கூடையில் வைத்து, கிளேபாங் வரை போய் விற்று வருவார். எதற்கும் சத்தம் போட மாட்டார். சிரித்தால் தோள்கள் மட்டும் குலுங்கும்.

செமாபோக் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் நானும் மற்றவர்களைப் போல மரவள்ளி நட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் களை பிடுங்கப் போவேன். பக்கத்துத் துண்டில் வேலை செய்த ஒருவர் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர், இப்போது காட்டிலிருந்து ஜப்பான்காரனை எதிர்க்கும் படையின் ஆள். பெயர் கேட்டேன். “தோழர்னு கூப்பிடு, போதும்” என்றார். அதற்குமேல் எனக்கு இன்றுவரை தெரியாது.

தோழருக்கு என்னிடம் ஒரு வேலை இருந்தது. அட்டை கிழிக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் பாடநூல். ரஷ்யாவில் அரசாங்கமே அச்சடித்துக் கட்சிக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கப் பயன்படுத்துவது. காட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் தர வேண்டும். எனக்கும் நாட்டுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. பகலெல்லாம் குனியச் சொல்லி எழுதுகிற கைக்கு, நிமிரச் சொல்லியும் கொஞ்சம் எழுதினால் தேவலை என்று தோன்றியது. சரி என்றேன்.

பெயர்களை வாயால் சொல்ல முடியாத காலம். அந்தப் பாடநூலில் வரும் மூன்று பெரியவர்களுக்கும் நாங்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டோம். சித்தாந்தத்தை முதலில் எழுதிய ஜெர்மன்காரர் பெரிய தாடி. ரஷ்யாவில் புரட்சி செய்தவர் சின்னத் தாடி. அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் மீசை. எழுத்தில் இன்னும் ஜாக்கிரதையாக, பெரிய தாடியை ‘மூத்த ஆசான்’ என்றும், பின்னால் வந்தவர்களை ‘இளைய ஆசான்’ என்றும் எழுதுவது என்று முடிவு.

புத்தகத்தின் முதல் அத்தியாயம் வம்சாவளி. பெரிய தாடிக்கும் முன்னால் சமதர்மக் கனவு கண்டவர்கள் இருந்தார்கள். பொதுவில் உழுது, பொதுவில் சமைத்து, பொதுவில் சாப்பிடும் ஊர்களைக் காகிதத்தில் வரைந்தவர்கள், சிலர் கட்டியும் பார்த்தவர்கள். புத்தகம் அவர்களுக்கு அரைப் பக்கம் கொடுத்து, ‘நல்லவர்கள், விவரம் பத்தாது’ என்கிற தோரணையில் வழியனுப்பிவிட்டது. அதன் பின் பெரிய தாடி அந்தக் கனவை விஞ்ஞானமாக்கினார், சின்னத் தாடி நடத்திக் காட்டினார், மீசை பூரணமாக்கினார் என்று ஒரே நேர்கோடாகப் போனது.

நானோ போருக்கு முன் பெரிய தாடியின் கருத்தை அவர் கூட்டாளி எடுத்து எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்திருந்தேன். அதில் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அரசு என்பது ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தை அடக்கி வைக்கும் கருவி. வர்க்கங்களே இல்லாமல் போனால் கருவிக்கு வேலை இல்லை. யாரும் அதை ஒழிக்கக்கூட வேண்டாம், தானே உலர்ந்து உதிர்ந்துவிடும். படித்தபோது மனம் துள்ளியது. சாவடிகளும் பலகைகளும் உதிர்ந்துபோன மலாக்காவை நினைத்துப் பாருங்கள், யாருக்குத்தான் துள்ளாது?

இந்தப் பாடநூலும் அதே வாக்கியத்தை மரியாதையோடு எடுத்துப் போட்டிருந்தது. அடுத்த வாக்கியத்தில்தான் எனக்கு இடறியது. மூத்த ஆசான் கூறினார், தேவை தீர்ந்தபின் அரசு தானே உலர்ந்து உதிரும். ஆகவே, இன்று அரசு முன்னெப்போதையும்விட வேரூன்றி வலுப்பெற வேண்டும்.

ஆகவேயா? எப்படி ஆகவே? டவுனில் சில பழைய கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கடையை ஆரம்பித்தவரின் படம் மாலையோடு தொங்கும், ஊதுவத்தி புகையும். அவர் விற்றது ஒன்று, இப்போது கல்லாவில் இருப்பவர் விற்பது ஒன்று. கேட்டால் ‘எல்லாம் அவர் காட்டிய வழி’ என்பார். அது பொய்யும் இல்லை, முழுக்க நிஜமும் இல்லை. எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. பேனாவை எடுத்தேன், ‘ஆகவே’ வர வேண்டிய இடத்தில் ‘ஆனால்’ என்று எழுதினேன். மனசாட்சிக்கு இதமாக இருந்தது.

தாள்களை இடது கையால் எழுதுவது என் வழக்கம். பிடிபட்டாலும் கையெழுத்து தெரியக் கூடாது அல்லவா? எழுதியதை ஆறுமுகம் அண்ணன் கூடையின் அடியில், வாழை இலைக்குக் கீழே வைத்து, கிளேபாங்கில் ஒருவரிடம் சேர்ப்பார். அவராகவே கேட்டு எடுத்துக்கொண்ட வேலை. என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டார். எல்லோரும் சமம் என்று எழுதியிருக்கிறது என்று மலாயில் சொன்னேன். “பாகுஸ்” என்றார். நல்லது என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தோழர் களைக்கொத்தோடு நேராக என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“பொஸ்தகத்துல தேர்ஃபோர்னு இருக்கு. தேர்ஃபோர்னா ஆகவே. மூணாங் கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுது. நீ என்னா ஆனால்னு போட்டிருக்க?”

“அவரு உதிரும்னாரு, இவங்க வலுக்கணும்ங்கிறாங்க தோழர். நடுவுல ஆகவே எப்படி வரும்?”

“ஏன் வராது? சுத்தி எதிரி நிக்கிறான். இப்பவே அரச உதுத்துட்டா மறுநாளே அவன் ஏறி உக்காந்துக்குவான். பெரிய தாடி அறைல உக்காந்து எழுதினாரு. இவங்க நாட்ட நடத்துறாங்க. நடத்துறவனுக்குத்தான் தெரியும், எத எப்ப உதிர்க்கணும்னு.”

“அப்ப ஆனால்னே சொல்லிடலாமே. நெலம மாறிப்போச்சு, நாங்களும் மாத்திட்டோம்னு.”

தோழர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம் இருந்தது. “காட்டுல பட்டினியா கெடக்குற புள்ளைங்களுக்கு, பெரியவரு சொன்னது ஒண்ணு, நாங்க செய்யறது ஒண்ணுன்னு எழுதித் தரச் சொல்றியா? அந்தப் பக்கத்த திருப்பி எழுதிக் குடு.”

அவர் வாதத்தில் பாதி எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. மறு பாதி படவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் தப்பு முழுக்க என்னுடையது. மூலத்தில் வாதம் தாண்டிக் குதிக்கிறது என்றால், தமிழிலும் குதிக்க விட வேண்டும். கூர்மையாகப் படிக்கும் ஒரு பையன் காட்டில் இருந்திருந்தால், அந்த ‘ஆகவே’யைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பான், தோழரிடமே கேட்டிருப்பான். நான் ‘ஆனால்’ போட்டு அந்த விரிசலுக்குச் சாந்து பூசிவிட்டேன். நேர்மை செய்கிறேன் என்ற நினைப்பில், அரசாங்கப் புத்தகத்தை அது இருந்ததைவிட நேர்மையானதாக ஆக்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி எழுதினேன். திருத்திய பக்கத்தைக் கொண்டுபோக ஆறுமுகம் அண்ணன் இன்னொரு நடை போக வேண்டியதாயிற்று. நான் முதலிலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் தேவைப்படாத நடை அது. அந்த நடையில்தான் கிளேபாங் சாவடியில் பிடிபட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ராணுவப் போலீசிலிருந்து அலுவலகத்துக்கு ஆள் வந்தது. தமிழ்த் தாள் ஒன்று கிடைத்திருக்கிறது, படித்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார்கள். மஜீது ஒரு பலகை வேலையாக வெளியே போயிருந்தான். நான் போனேன். அறைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது தரையில் முட்டி போட்டிருந்த ஆறுமுகம் அண்ணன். உதடு கிழிந்திருந்தது. என்னைத் தெரிந்ததாகக் கண்ணால்கூட அவர் காட்டவில்லை. மேசைமேல் என் இடது கை எழுத்து.

சார்ஜெண்டுக்கு மலாய் தெரியும். “என்ன எழுதியிருக்கிறது? வரிக்கு வரி சொல்” என்றான்.

தாளை முகத்தருகே பிடித்துப் படிக்கிற மாதிரி நின்றேன். உண்மையைச் சொன்னால் அந்த மனிதரின் தலை போய்விடும், பிறகு என் தலையும் போய்விடும். முதல் சொல்லே ‘அரசு’. அந்தச் சொல்லையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காஜா பேராங் கோயில் பக்கத்து மரம் கண்ணுக்குள் வந்தது. நம் மொழியில் அதுவும் அரசுதானே?

“இது மரத்தைப் பற்றியது” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

பிறகு வரிக்கு வரி சொன்னேன். மூத்த ஆசான் என்றால் பழைய வைத்தியர். அரசு தானே உலர்ந்து உதிரும் என்றால் இலை காய்ந்து விழும். பாட்டாளி மக்கள் அதைக் காக்க வேண்டும் என்றால் தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள் மரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பகை வர்க்கங்கள் நாலு புறமும் சூழ்ந்துள்ளன என்றால் பூச்சி வகைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரமாக எனக்குச் செரிக்காமல் கிடந்த அந்த ‘ஆகவே’, மரத்துக்கு வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது. இலை உதிர வேண்டும் என்றால் மரம் முதலில் வேரூன்றி வளரத்தானே வேண்டும்? மீசை தோட்டக்கலைப் புத்தகம் எழுதியிருந்தால் எனக்கு அவரோடு தகராறே இருந்திருக்காது.

“என்ன மரம்?” என்றான் சார்ஜெண்ட்.

“போதி.”

“போதாய்ஜூ?” அவன் புருவம் ஏறியது. அவன் ஊர்ப் புத்தர் கோயிலிலும் அந்த மரம் இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் சிப்பாய் முகம் போய், யாரோ ஒருவரின் மகன் முகம் வந்தது. உடனே திரும்பிப் போய்விட்டது. “கூவே விற்கிறவனுக்கு இது எதற்கு?”

“பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் இருமல் நிற்கும். யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள்.”

அவன் யோசித்தான். “இன்னொரு மொழிபெயர்ப்பாளனும் படிக்கட்டும்” என்றான்.

மஜீதுக்கு நான் சொன்னது எதுவும் தெரியாது. அதுபோக, அந்த வாரம் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. தலைமை எழுத்தர் முன்னால் என் ஒற்றுப் பிழையைக் காட்டினான் என்று நான்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று பென்சிலை எடுத்து, மரத்தின் பெயரைக் குறித்து வைக்கிறேன் என்று சொல்லி, ‘அரசு’ என்ற முதல் சொல்லுக்கு மேலே ‘போதி’ என்று வலது கையால் எழுதினேன். சார்ஜெண்ட் என்ன எழுதினாய் என்றான். போதி என்று படித்துக் காட்டினேன். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னான்.

மஜீது வந்தான். தாளை எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் படிக்கிறான். அந்தத் தாளில் ‘அந்த’, ‘இந்த’ இரண்டுக்கும் பின்னால் என் பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. கையை மாற்றினேனே தவிரப் பிழையை மாற்றவில்லை. எழுதியது யார் என்று இரண்டாம் வரியிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு உயிர்களையும் அவன் கையில் கொடுத்துவிட்டு நான் சுவரின் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இது போதி மரத்தைப் பற்றியது” என்று மலாயில் சொன்னான் மஜீது. “நாட்டு வைத்தியம். எழுதினவனுக்குப் படிப்பு கம்மி. இரண்டு இடத்தில் எழுத்தை விட்டிருக்கிறான்.”

சார்ஜெண்ட் சிரித்தான். ஆறுமுகம் அண்ணனுக்கு இரண்டு அறை கொடுத்து, கூவே முழுவதையும் எடுத்துக்கொண்டு வெளியே தள்ளினான். தெருவுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மஜீது முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ரெண்டு ‘ப்’பு காணோம் புலவரே, தேடிக் கண்டுபிடி” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான். அதன் பிறகு அந்த விஷயத்தை அவன் என்னிடம் பேசவே இல்லை. ஏன் காப்பாற்றினாய் என்று நானும் கேட்கவில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்போடு நீங்கள் போய்விடுவீர்கள். அதனால் மீதியையும் கேளுங்கள்.

ஜப்பான்காரன் சரணடைந்தான். வெள்ளைக்காரன் திரும்பி வருவதற்குள் கொஞ்ச நாள் காட்டுப் படை டவுனுக்குள் வந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. தோழர் இப்போது தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு பள்ளிக்கூடத் திடலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களைப் பிடித்து வந்து விசாரித்தார்கள். விசாரணை என்றால் நீளமானது அல்ல. அங்கிருந்து சிலர் திரும்பவில்லை என்று ஊருக்கே தெரியும். இரண்டாம் நாள் மஜீதைப் பிடித்துப் போய்விட்டார்கள். ‘ஜப்பான்காரனின் நாக்கு’ என்பது குற்றச்சாட்டு.

ஓடினேன். திடலில் மஜீது கைகள் பின்னால் கட்டப்பட்டு வெயிலில் தரையில் உட்கார்ந்திருந்தான். தோழரிடம் போய், நடந்ததைச் சொன்னேன். மரத்தையும் தாளையும் சொன்னேன்.

“சாட்சி யாரு?” என்றார்.

“நான்தான்.”

“நீயும் அந்த ஆபீசுலதான சம்பளம் வாங்குன?”

அவர் மிரட்டுகிற தொனியில் சொல்லவில்லை. ஆனாலும் நான் பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில் எனக்குப் பழக்கமான இடத்துக்கு ஓடினேன். சித்தாந்தம் பேச ஆரம்பித்தேன். பெரிய தாடி என்ன சொன்னார், அடக்கும் கருவியை உடைக்க வந்தவர்கள் அதே கருவியை இப்படிப் பிடிக்கலாமா, உதிர வேண்டியது எங்கே, வலுப்பது எங்கே என்று அரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். சுற்றி நின்ற படைக்காரர்கள்கூட உன்னிப்பாகக் கேட்டார்கள்.

தோழர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்று அரசு முன்னெப்போதையும்விட வேரூன்றி வலுப்பெற வேண்டும்” என்று மனப்பாடமாகச் சொன்னார். “நீ எழுதுனதுதான். புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும். இந்த ஆனால் பேச்ச இங்க பேசாத. ஒன்னோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

என் தமிழ் எனக்கெதிராகவே திரும்பி வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு அங்கேயே ஒரு நிழலில் நின்றேன்.

அப்போது ஆறுமுகம் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திடலுக்குள் வந்தார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. என்னைப் பார்க்கவில்லை, மேசைக்கும் போகவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக மஜீது பக்கத்தில் போய் இடுப்புச் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் வைத்துக்கொண்டார்.

“தியா தோலோங் சாயா” என்றார் தோழரைப் பார்த்து. “மாவ் ஈக்காட் தியா, ஈக்காட் சாயா சகாலி.” அவர் எனக்கு உதவினார், அவரைக் கட்டுவதென்றால் என்னையும் சேர்த்துக் கட்டுங்கள் என்று பொருள்.

அவ்வளவுதான் பேசினார். ஒரு படைக்காரன் எழுந்திருக்கச் சொன்னான். அவர் எழுந்திருக்கவில்லை. தோழர் அவரை வெகுநேரம் பார்த்தார். அவருடைய படைக்கு இத்தனை காலம் தாள் சுமந்த மனிதர், அதற்காக அடி வாங்கிய மனிதர். எந்தப் புத்தகத்திலும் இந்த இடத்துக்கு என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை போலும். தோழர் கெட்டவர் அல்ல என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது அவரே வந்து மஜீதின் கட்டை அவிழ்த்துவிட்டார்.

மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். ஆறுமுகம் அண்ணன் சைக்கிளோடு கொஞ்சம் முன்னால் போனார். மஜீது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தான். என்னால் முடிந்தவரை பேசிப் பார்த்தேன், கேட்க மாட்டேன் என்றுவிட்டார்கள் என்று சொன்னேன்.

“எல்லாம் கேட்டுச்சு” என்றான் மஜீது. “நல்லாத்தான் பேசுன. அவ்வளவு நேரமும் நான் எம் பக்கத்துல கெடந்த காலி எடத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் வார்த்தைகளோடு பிழைக்கப் போகிறவர்கள். நன்றாக வாதாடவும் வரும், வர வேண்டும். ஒருநாள் உங்களுக்கு வேண்டிய ஒருவரை யாராவது கையைக் கட்டித் தரையில் உட்கார வைத்தால், முதலில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். வாதத்தை அங்கிருந்தும் செய்யலாம்.